நாய் கூலண்ட் குடித்துவிட்டதா? முதல் சில மணி நேரத்தில் செய்ய வேண்டியவை: முழுமையான வழிகாட்டி

ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல் இருக்கிற ஊர். ஜூன், ஜூலையில் விடிகாலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி படிந்து கிடக்கும். இரவில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே போகும் என்பதால், ரேடியேட்டரில் வெறும் தண்ணீரை வைத்து இங்கே வண்டியை நிறுத்தி வைக்க முடியாது. ஆன்டிஃப்ரீஸ் கலந்த கூலண்ட் வேண்டும். டர்பன்காரர்கள் "எங்கள் ஊரில் தண்ணீர் எங்கே உறையப்போகிறது" என்று கேட்கலாம். எஞ்சின் கொதிக்காமலும் உள்ளே துருப்பிடிக்காமலும் காப்பதும் அதே திரவம்தான். அதனால் ஜோகன்னஸ்பர்க்கின் லெனேசியாவில் நிற்கிற காரிலும் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் நிற்கிற பக்கியிலும் (சிறு சரக்கு வண்டியிலும்) அது இருக்கிறது.

அந்தத் திரவத்தில் பெரும்பாலும் இருப்பது எத்திலீன் கிளைக்கால். லேசான இனிப்பு, வாடையே கிடையாது. நாய் நக்கிக் குடித்துவிடும்.

இந்த விஷத்தில் வீட்டுக்காரர்களை ஏமாற்றுகிற ஒரு கட்டம் உண்டு. குடித்துவிட்டுச் சில மணி நேரம் தள்ளாடிய நாய், அப்புறம் எழுந்து நடக்கும், வாலாட்டும். "சரியாகிவிட்டது" என்று எல்லோரும் தூங்கப் போவார்கள். அந்த இரவில்தான் சிறுநீரகம் பாழாகிறது. இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு விஷயம் உங்கள் மனதில் நிற்க வேண்டுமென்றால், அது இதுதான்: சந்தேகம் வந்த நிமிடமே கிளம்புங்கள், நாய் தெளிகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள்.

இப்போதே உங்கள் நாய் குடித்துவிட்ட நிலையில் இதைப் படிக்கிறீர்கள் என்றால், நேராக "குடித்தது தெரிந்தவுடன்" என்ற பகுதிக்குப் போங்கள். மற்றதை அப்புறம் படிக்கலாம்.

உடலுக்குள் என்ன நடக்கிறது

எத்திலீன் கிளைக்கால் முதலில் செய்வது சாராயம் செய்கிற வேலையைத்தான். மூளையை மந்தமாக்கி, நாயைப் போதையில் தள்ளாட வைக்கும். அதோடு நின்றால் பரவாயில்லை. கல்லீரல் அதை உடைக்கத் தொடங்கும்போதுதான் உண்மையான விஷம் உருவாகிறது. ஆல்கஹாலைச் செரிக்க உதவும் அதே நொதி இதையும் பிடித்து, படிப்படியாகக் கிளைக்காலிக் அமிலமாகவும் கடைசியில் ஆக்சாலிக் அமிலமாகவும் மாற்றுகிறது. கிளைக்காலிக் அமிலம் இரத்தத்தில் அமிலத்தன்மையை ஏற்றிவிடும். ஆக்சாலிக் அமிலம் இரத்தத்தில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து கால்சியம் ஆக்சலேட் படிகங்களாகி, சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் போய்ப் படியும்.

கிளைக்கால் கிளைக்காலாகவே இருந்துவிட்டால் பெருமளவு சிறுநீரில் வெளியேறிவிடும். கல்லீரலின் அந்த வேலையைத் தடுத்து நிறுத்துவதுதான் சிகிச்சையின் சூட்சுமம். தாமதமாகப் போனால் மாற்றுமருந்தால் பயன் குறைந்துபோவதும் இதனால்தான்: மாற வேண்டியதெல்லாம் ஏற்கெனவே மாறி முடிந்திருக்கும்.

இதற்கு நெருங்கிய உறவு டைஎத்திலீன் கிளைக்கால். 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகளின் உயிரைப் பறித்த, தமிழ்நாட்டில் தயாரான இருமல் சிரப்பில் இருந்தது அதுதான். 1969-ல் கேப் டவுனில் ஏழு குழந்தைகள் இறந்ததும் அது கலந்த தூக்க மருந்தால்தான். அங்கேயும் சிறுநீரகம்தான் முதலில் போனது. நாய்க்கு வருகிற ஆபத்து என்று மட்டும் இதை நினைக்க வேண்டாம். வீட்டில் குழந்தை குடித்துவிட்டால் மேற்கு கேப் நச்சுத் தகவல் உதவி எண் 0861 555 777-ஐ அழையுங்கள். உடனே ஆஸ்பத்திரிக்கும் கிளம்புங்கள்.

எவ்வளவு குடித்தால் ஆபத்து

தண்ணீர் கலக்காத ஆன்டிஃப்ரீஸ் என்றால், நாயின் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 4.4 முதல் 6.6 மில்லி உயிரைப் பறிக்கும். 5 கிலோ மால்டீஸ் நாய்க்கு 22 மில்லி போதும், அதாவது இரண்டு மேசைக்கரண்டிக்கும் குறைவு. 30 கிலோ நாய்க்கு ஒரு சின்ன டம்ளர் அளவு. தண்ணீரோடு சரிபாதி கலந்தது என்றால் இதைப்போல் இரண்டு மடங்கு. தாகத்தில் இருக்கிற நாய்க்கு அது ஒன்றும் பெரிய அளவு இல்லை.

பூனைக்கு இன்னும் மோசம். கிலோவுக்கு ஒன்றரை மில்லியே கொன்றுவிடும். பாதத்தில் ஒட்டியதை நக்கிச் சுத்தம் செய்கிற பூனையே ஆபத்தில் மாட்டலாம்.

இந்தக் கணக்கு, "கொஞ்சம்தானே குடித்தது" என்ற வார்த்தையை வீட்டில் யாரும் சொல்லாமல் இருப்பதற்காக மட்டும். எவ்வளவு உள்ளே போயிருக்கும் என்று சிந்திக் கிடப்பதை வைத்து யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. அளந்துகொண்டிருக்காதீர்கள்.

நாய்க்கு எங்கிருந்து கிடைக்கிறது

முதல் இடம் நிறுத்திய வண்டியின் அடி. டிசம்பர் விடுமுறைக்கும் ஈஸ்டர் சமயத்து இசிபிங்கோ மாரியம்மன் திருவிழாவுக்கும் நம்மவர்கள் குடும்பத்தோடு என்3 நெடுஞ்சாலையில் டர்பனுக்குப் போய்த் திரும்புகிறார்கள். வான் ரீனன் கணவாயில் நிறைந்த பாரத்தோடு ஏறும்போது எஞ்சின் சூடேறி, பழைய ரப்பர் ஹோஸ் எங்கேயாவது விட்டுக்கொடுக்கும். வண்டி வீடு வந்து சேர்ந்துவிடும். ஒழுகல் மறுநாள் காலையில்தான் சிமெண்டுத் தரையில் தெரியும்.

ஒழுகலை அடையாளம் காண்பது கடினமில்லை. ஏசியிலிருந்து சொட்டுவது நிறமற்ற வெறும் தண்ணீர், சீக்கிரம் காய்ந்துவிடும். கூலண்ட் பச்சை, இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, நீலம் என்று ஏதோ ஒரு நிறத்தில் இருக்கும். விரலில் தொட்டால் வழுவழுப்பாக இருக்கும். (தொட்ட பிறகு கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.) பானட்டைத் திறந்து ஹோஸ் கிளிப்புகளையும் வாட்டர் பம்பையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கசிந்து காய்ந்த இடத்தில் உப்புப் பூத்ததுபோல வெள்ளையாகவோ பச்சையாகவோ ஒரு படலம் இருக்கும். கூலண்ட் டப்பாவில் மட்டம் அடிக்கடி குறைகிறது என்றால், அது எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாவது இடம், வீட்டிலேயே வண்டி பார்க்கிற பழக்கம். ரேடியேட்டரைக் காலி செய்யும்போது அடியில் வைக்கிற பாத்திரம் எது? நம் வீடுகளில் பெரும்பாலும் இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாதான். அதே டப்பாவில்தான் நாய்க்குச் சோறும் தண்ணீரும் வைக்கிறோம். அந்த டப்பா தரையில் இருந்தால் அது தன்னுடையது என்றுதான் நாய் நினைக்கும். வடிகட்டுவதற்கு நாய்ப் பாத்திரம்போல இருக்கிற எதையும் பயன்படுத்தாதீர்கள் என்பதை நான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

மூன்றாவது, தாகம். ஜோகன்னஸ்பர்க்கில் குழாயில் தண்ணீர் நின்றுபோகிற நாட்கள் இப்போது அடிக்கடி வருகின்றன. பிடித்து வைத்த தண்ணீரை மனிதர்களுக்கு மிச்சம் பிடிக்கும்போது யார்டில் இருக்கிற நாயின் கிண்ணம் காய்ந்துகிடக்கும். அப்போது எந்தக் குட்டையில் தண்ணீர் தெரிந்தாலும் நாய் குடிக்கும். தண்ணீர் சேமிக்கிற வாளிகளில் ஒன்று நாய்க்கு என்று ஒதுக்கிவிடுங்கள்.

மற்றவை: பிரேக் ஆயிலிலும் சில கண்ணாடி கழுவும் திரவங்களிலும் கிளைக்கால் வகைகள் இருக்கலாம். கூரைமேல் இருக்கிற சில சூரிய கீசர்களிலும் குளிருக்காகக் கிளைக்கால் ஓடுகிறது. அது பெரும்பாலும் நச்சுத்தன்மை குறைந்த புரொப்பிலீன் கிளைக்கால். ஆனாலும் குழாய் ஒழுகினால் என்ன ஊற்றியிருக்கிறது என்று பொருத்தியவரிடம் கேட்டு வையுங்கள்.

அறிகுறிகள், மணி வாரியாக

குடித்த அரை மணி நேரத்திலிருந்து சுமார் 12 மணி நேரம் வரை முதல் கட்டம். பின்னங்கால் இடறும், நடை கோணும். வாந்தி எடுக்கலாம். வழக்கத்தைவிட நிறையத் தண்ணீர் குடித்து நிறையச் சிறுநீர் கழிக்கும். கூப்பிட்டால் தாமதமாகத் திரும்பிப் பார்க்கும். குடிகாரர் ஒருவர் படியேறுவதைப் பார்த்திருந்தால் இந்த நடை உங்களுக்குப் புரியும்.

அப்புறம்தான் நான் மேலே சொன்ன ஏமாற்று. போதை இறங்கும், நாய் தெளிந்ததுபோல் தெரியும்.

12 முதல் 24 மணி நேரத்துக்குள் மூச்சும் இதயத் துடிப்பும் வேகமாகும். இரத்தத்தில் அமிலம் ஏறிக்கொண்டிருக்கும் நேரம் அது. தூங்குகிற நாய்க்கு மேல்மூச்சு வாங்குவதை வெயில் என்று தள்ளிவிடுவது எளிது.

24 முதல் 72 மணி நேரத்துக்குள் சிறுநீரகம் கைவிடும். சிறுநீர் குறைந்து, பிறகு நின்றே போகும். சாப்பிடாது, வாந்தி ஓயாது, வாயில் புண் வரும், இடுப்புப் பக்கம் தொட்டால் வலியில் சுருங்கும். வலிப்பும் மயக்கமும் இதற்குப் பின்னால் வருபவை. பூனைகளில் இந்தக் கட்டம் 12 மணி நேரத்திலேயே தொடங்கிவிடலாம்.

திருடன் வைத்த விஷமா? பிலியரியா?

தென்னாப்பிரிக்காவில் காவல் நாய் திடீரென்று விழுந்தால் முதலில் வருகிற சந்தேகம் "டூ ஸ்டெப்". ஆல்டிகார்ப் என்கிற பூச்சிக்கொல்லிக்குத் தெருவில் வழங்குகிற பெயர் அது. கன்னம் வைக்கிறவர்கள் இறைச்சியில் கலந்து சுவருக்கு மேல் வீசுவார்கள். அதன் அறிகுறிகள் நிமிடங்களில் வரும்: வாயில் எச்சில் ஒழுகும், உடம்பெல்லாம் தசை துடிக்கும், கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கும், மலஜலம் கட்டுப்படாது. கூலண்ட் குடித்த நாயிடம் இந்த எச்சிலும் துடிப்பும் பொதுவாக இருக்காது. அங்கே முன்னால் நிற்பது போதையும் தாகமும்.

சோர்ந்து படுத்த நாயைப் பார்த்து "பிலியரி வந்திருக்கும், காலையில் பார்க்கலாம்" என்று சொல்வதும் இங்கே வழக்கம். உண்ணிக் கடியால் வருகிற அந்தக் காய்ச்சலில் ஈறு வெளுத்திருக்கும், உடம்பு சுடும், சிறுநீர் கறுத்துச் சிவந்து போகலாம். மதியம் வரை ஓடித் திரிந்துவிட்டு ஒரே மணி நேரத்தில் தள்ளாடுவது அதன் பாணி இல்லை.

மூன்றுக்கும் சிகிச்சை வேறு வேறு. நீங்களே முடிவு கட்ட வேண்டாம். பார்த்ததை எல்லாம் வெட்டிடம் (கால்நடை மருத்துவரிடம்) சொல்லுங்கள். ஆனால் மூன்றில் எதுவாக இருந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டிய நோய் அல்ல.

குடித்தது தெரிந்தவுடன்

1. நாயை அந்த இடத்திலிருந்து விலக்குங்கள். வீட்டில் வேறு நாய், பூனை இருந்தால் அவற்றையும் உள்ளே அடையுங்கள். அவையும் குடித்திருக்கலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாயையும் பாதங்களையும் ஈரத்துணியால் துடையுங்கள்.

2. மணியைப் பாருங்கள், எழுதி வையுங்கள். குடித்த நேரம் தெரியாவிட்டால், நாயை நன்றாக இருந்த நிலையில் கடைசியாகப் பார்த்த நேரத்தைக் குறியுங்கள். சிகிச்சை முழுக்க இந்த எண்ணை வைத்துத்தான் நடக்கும்.

3. கிளம்புவதற்கு முன் போன் செய்யுங்கள். இரவில் எல்லா வெட்டும் திறந்திருக்காது. மாற்றுமருந்து எல்லா இடத்திலும் இருக்காது. இப்படிக் கேளுங்கள்: "என் நாய் 12 கிலோ. முக்கால் மணி நேரத்துக்கு முன்னால் கார் கூலண்ட் குடித்திருக்கலாம். நடை தடுமாறுகிறது, வாந்தி இல்லை. ஃபோமெபிசோலோ, நரம்பில் ஏற்றுகிற ஆல்கஹாலோ உங்களிடம் இருக்கிறதா? இல்லையென்றால் யாரிடம் இருக்கும்?" இந்தக் கடைசிக் கேள்வி, தவறான இடத்துக்குப் போய்த் திரும்புகிற நேரத்தை மிச்சப்படுத்தும். ஜோகன்னஸ்பர்க் இருக்கிற கவுட்டெங் மாகாணத்தில் இருப்பவர்களுக்கு, பிரிட்டோரியாவுக்கு வடக்கே ஓண்டர்ஸ்டெபூர்ட்டில் பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. நாட்டிலேயே கால்நடை மருத்துவர்களை உருவாக்குகிற ஒரே கல்லூரி அது.

4. வெட் சொல்லாமல் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர் நம் வீடுகளில் முதலில் நினைவுக்கு வருகிற வைத்தியம்; அது நாயின் இரத்தத்தில் சோடியத்தை ஏற்றி இன்னொரு விஷமாகிவிடும். தள்ளாடுகிற நாய் வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள்ளும் போகலாம். பால், முட்டை வெள்ளைக்கரு, புளித்தண்ணீர் எதுவும் உதவாது. கரித்தூளும் இந்த விஷத்தைச் சரியாகப் பிடித்துக்கொள்ளாது.

5. ஆல்கஹால் மாற்றுமருந்து என்று மேலே படித்ததால் வீட்டில் இருக்கிற பிராந்தியை ஊற்றிவிடாதீர்கள். அளவு சிறிது கூடினால் மூச்சே நிற்கும். ஆஸ்பத்திரியில் அதை நேரடியாக நரம்பில், மணிக்கணக்கில் கண்காணித்து ஏற்றுகிறார்கள்.

6. நாய் தண்ணீர் கேட்டால், விழிப்பாக இருந்தால், கிண்ணத்தில் வையுங்கள். மயக்கமாக இருக்கிற நாயின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

7. கூலண்ட் டப்பாவையோ அதன் லேபிளைப் படம் பிடித்தோ எடுத்துப் போங்கள். எத்திலீனா, புரொப்பிலீனா என்று அதில் இருக்கும். வாந்தி எடுத்திருந்தால் ஒரு பையில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள். அவசரப் பிரிவுகளில் முன்பணம் கேட்பது இங்கே சாதாரணம், வங்கி அட்டையை மறக்காதீர்கள். பணம் கட்ட முடியாத நிலை என்றால் அருகிலுள்ள எஸ்பிசிஏ-வை (விலங்கு நலச் சங்கத்தை) உடனே அழைத்துக் கேளுங்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

8. யாராவது ஒருவர் பின்சீட்டில் நாயோடு உட்காரட்டும். தலையைச் சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் வாந்தி வந்தாலும் வெளியே போகும்.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்

குடித்துச் சிறிது நேரமே ஆகியிருந்து, நாயும் நிதானமாக இருந்தால் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைப்பார்கள். இரத்தத்தில் அமில அளவு பார்ப்பார்கள். சிறுநீரை நுண்ணோக்கியில் பார்த்தால், குடித்த சுமார் ஆறு மணி நேரத்திலிருந்தே நாயின் சிறுநீரில் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் தெரியலாம். சில கூலண்டுகளில் மிளிர்கிற சாயம் சேர்ப்பதால் புற ஊதா விளக்கடியில் வாயும் பாதமும் ஒளிர்வதும் உண்டு. ஒளிரவில்லை என்பதை வைத்து விஷம் இல்லை என்று சொல்ல முடியாது.

மாற்றுமருந்து இரண்டு. ஃபோமெபிசோல் அந்தக் கல்லீரல் நொதியைக் கட்டிப்போடும். நாய்க்கு 36 மணி நேரத்தில் நான்கு தவணையாகப் போடுவார்கள். அது இல்லாத இடத்தில் ஆல்கஹால். நொதி கிளைக்காலைவிட ஆல்கஹாலை விரும்பிப் பிடிப்பதால், கிளைக்கால் தீண்டப்படாமல் சிறுநீரில் இறங்கும். ஆல்கஹால் ஏற்றப்பட்ட நாய் இன்னும் அதிகமாகப் போதையில் கிடக்கும். பார்க்கப் போகிறபோது அதைக் கண்டு பதறாதீர்கள்.

நாய் குடித்து எட்டு மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்கினால் பிழைக்கிற வாய்ப்பு நன்றாக இருக்கிறது. பூனைக்கு மூன்று மணி நேரம்தான். இரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் (சிறுநீரகம் கெட்டதைக் காட்டுகிற அளவு) ஏறிய பிறகு கொண்டுபோனால் நிலைமை வேறு. டிரிப் ஏற்றி, சிறுநீர் வருகிறதா என்று மணிக்கு மணி பார்ப்பார்கள். டயாலிசிஸ் உதவும், நாய்களுக்கு அதைச் செய்கிற இடங்கள் மிகக் குறைவு. சிறுநீர் அடியோடு நின்றுவிட்டால், வலியில்லாமல் அனுப்பிவைப்பது பற்றி வெட் உங்களிடம் பேசலாம். அந்தப் பேச்சைத் தவிர்க்காதீர்கள், கேள்விகளைக் கேளுங்கள்.

சிந்தியதைச் சுத்தம் செய்வது

"தம்பி, ரெண்டு வாளி தண்ணி அடிச்சு விடு, போயிடும்" என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொல்லுவார். போகாது. குழாய் அடித்தால் அது பரவி, யார்டின் ஓரத்தில் இன்னும் பெரிய குட்டையாக நிற்கும்.

முதலில் பூனை மணலையோ காய்ந்த மணலையோ மரத்தூளையோ மேலே கொட்டி ஊற விடுங்கள். நாயை அந்தப் பக்கம் விடாதீர்கள். கையுறை போட்டு அதை அள்ளிப் பிளாஸ்டிக் பையில் கட்டி, மூடியுள்ள குப்பைத் தொட்டியில் போடுங்கள். அப்புறம் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவித் தரையைக் காய விடுங்கள். மண்ணில் ஊறியிருந்தால் மேல்மண்ணை வெட்டி எடுத்துவிடுங்கள். வடித்த பழைய கூலண்டை மழைநீர்க் கால்வாயில் ஊற்றாதீர்கள், பழைய எஞ்சின் ஆயிலோடும் கலக்காதீர்கள். மூடியுள்ள கேனில் தனியாக வைத்து ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.

இனி வராமல் இருக்க

அடுத்த முறை கூலண்ட் மாற்றும்போது புரொப்பிலீன் கிளைக்கால் வகை உங்கள் வண்டிக்குப் பொருந்துமா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். அதுவும் குடிக்கிற பொருள் இல்லைதான். ஆனால் ஆபத்து பல மடங்கு குறைவு. வகைகளைக் கலந்து ஊற்றக் கூடாது, பழையதை முழுக்க எடுத்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும். கசப்பு சேர்த்த கூலண்டுகளும் உண்டு. அமெரிக்காவில் 2012-லிருந்து தயாரிப்பாளர்கள் தாங்களாகவே கசப்பு சேர்க்க ஒப்புக்கொண்டார்கள். கசப்பை நம்பி டப்பாவைத் திறந்து வைக்காதீர்கள்; முதல் நாலு வாய்க்கு அது எல்லா நாயையும் தடுக்காது, சின்ன நாய்க்கு நாலு வாயே போதும்.

நாய் இரவில் காரேஜில் படுப்பது என்றால் கூலண்ட், பிரேக் ஆயில் டப்பாக்கள் தோளுயரத்துக்கு மேல், மூடியோடு இருக்கட்டும். வீட்டில் விசேஷம், காவடி, துக்கம் என்று நாலைந்து வண்டிகள் யார்டுக்குள் வந்து நின்று போனால், அவை போன பிறகு ஒருமுறை தரையைப் பார்த்துவிட்டு நாயை அவிழ்த்து விடுங்கள்.

பிழைத்து வீட்டுக்கு வந்தால்

சீக்கிரம் சிகிச்சை கிடைத்த நாய் சில நாளில் பழையபடி சாப்பிடும். சிறுநீரகத்தில் அடி விழுந்திருந்தால் தேறுவதற்கு வாரக்கணக்கு ஆகலாம், சில நாய்களுக்கு முழுக்கத் திரும்பாது. வெட் சொல்கிற தேதிகளில் கிரியாட்டினின் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள். உணவை வெட் சொன்னபடி கொடுங்கள். உப்பு போட்ட குழம்புச் சோறு வேண்டாம். வலி மாத்திரை எதையும் வீட்டு அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுக்காதீர்கள், பல வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைத்தான் தாக்கும். தண்ணீர்க் கிண்ணம் இரண்டு இடத்தில் இருக்கட்டும். நாயை அழைத்து வருவதற்கு முன்பே வண்டியை மெக்கானிக்கிடம் விட்டு ஒழுகலை அடைத்துவிடுங்கள். அது முடியும்வரை வண்டியைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தி, அடியில் அகலமான தட்டு ஒன்றை வைத்து, தினமும் காலையில் அதைக் காலி செய்யுங்கள்.